உயிர்க்கலமும் அதன் வரம்புகளும்

கத்தரிக்காயை அரிந்தவுடன் நீருள் இடுதல் அடுக்களையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அவ்வாறு இடாது வைப்பின், அரிந்த முகம் சிறிது நேரத்திற் கபில நிறமடைந்து பின்னர்க் கறுக்கும். வாழைப்பூவும் அத்தன்மையதே. காற்றிலுள்ள ஒட்சிசனே இந்நிறமாற்றத்துக்குக் காரணமெனக் கூறின், அது பாதி விடையேயாகும். ஒட்சிசன் காயின் உள்ளேயும் உண்டு. கறுப்பதற்கு வேண்டிய பீனோற் பொருள்களும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியமும் அரியப்படுவதற்கு முன்னரே காயில் இருந்தன. அங்ஙனமாயின், செடியிலே முழுதாய்த் தொங்கிய காய் ஏன் கறுக்கவில்லை? கத்தி புதிய பொருள் எதனையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. முன்னரே இருந்த ஒன்றை அழித்தது. அழிந்தது யாது என ஆராயப் புகின், உயிர்க்கலத்தின் உள்ளமைப்பும் அதன் தொழிற்பாடும் படிப்படியாக விளங்கும்.

கலத்தை முதன்முதற் கண்டு பெயரிட்டவர் இங்கிலாந்து நாட்டினரான றொபேட் ஊக் என்பவர். 1665 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மைக்கிரோகிராபியா’ என்னும் நூலில், தக்கையின் மெல்லிய சீவலொன்று நுணுக்குக்காட்டியிலே தேனடைபோலத் தோன்றியதை அவர் விவரித்துள்ளார். அவ்வறைகளுக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயர் சிற்றறை என்னும் பொருளது. தமிழில் வழங்கும் கலம் என்னும் சொல்லோ பாத்திரத்தைக் குறிப்பது. ஊக் கண்டவை பெரும்பாலும் வெற்றறைகளே. அவற்றுள்ளிருந்த உயிர்ப்பொருள் முன்னரே அழிந்துவிட, சுவர் மட்டுமே எஞ்சியிருந்தது. 1831 இல் றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலறிஞர் கலங்களுள்ளே காணப்படும் உருண்டையான உறுப்புக்குக் கரு எனப் பொருள்படும் பெயரை இட்டார். தாவரங்கள் யாவும் கலங்களால் ஆயவை என 1838 இல் சிலைடனும், விலங்குகளும் அத்தகையனவே என 1839 இல் சுவானும் நிறுவினர். கலமொன்று முன்னிருந்த கலத்திலிருந்தே தோன்றும் என்னும் கொள்கையை 1855 இல் வேர்ச்சோ என்னும் செருமானிய மருத்துவர் வற்புறுத்தினார்.

எனினும், கலத்தின் உள்ளே இருப்பது யாது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. முட்டையின் வெண்கருவை ஒத்த பிசுபிசுப்பான பாய்பொருள் ஒன்று உளது எனவும், அதுவே உயிரின் இருப்பிடம் எனவும் கருதி அதனை முதலுரு என அழைத்தனர். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி ஒரு மைக்கிரோமீற்றரின் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினும் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டவல்லதன்று. ஒரு மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. விலங்குக் கலங்களிற் பல 10 முதல் 30 வரையான மைக்கிரோமீற்றர் குறுக்களவே உடையன. ஆகவே கலத்தினுள் அமைந்த நுண்ணுறுப்புக்கள் பல ஒளிக்குப் புலனாகாது மறைந்துகிடந்தன. 1930-களிலே செருமனியில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அமைக்கப்பட்டது. 1945 இல் நியூயோக்கிலுள்ள றொக்கபெலர் ஆராய்ச்சி நிலையத்தில் அல்பேட் குளோட், கீத் போட்டர் ஆகியோர் அதனைக்கொண்டு முழுக் கலமொன்றின் படத்தை வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டுகளில் முதலுரு என்னும் பழைய கருத்து முற்றிலும் மாறிற்று. கலத்தின் உள்ளே காணப்பட்டது ஒரே கூழன்று. மெல்லிய சவ்வுகளால் ஒன்றினின்றொன்று பிரிக்கப்பட்ட பல அறைகளும் குழாய்களும் பைகளுமாம்.

இச்சவ்வுகள் வெறும் உறைகள் அல்ல. கலத்தின் உயிர் இவற்றின் பிரிப்பிலேயே தங்கியுள்ளது. வெளியிலிருந்து உள்ளே செல்லும் முறையில் இதனை நோக்குதல் எளிது.

கலத்தின் முதலாவது வரம்பு அதனைச் சூழ்ந்துள்ள முதலுருமென்சவ்வாகும். இதன் தடிப்பு ஏறக்குறைய 7 அல்லது 8 நனோமீற்றர். ஒரு தாளின் தடிப்பைப் பெறவேண்டின் இத்தகைய மென்சவ்வுகள் பதினாயிரத்துக்கு மேல் அடுக்கப்படல் வேண்டும். 1925 இல் ஒல்லாந்து நாட்டினரான கோட்டர், கிறெண்டல் என்போர் செங்குருதிக் கலங்களிலிருந்து கொழுப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து நீரின் மேற் பரப்பினர். பரவிய படலத்தின் பரப்பு அக்கலங்களின் மேற்பரப்பைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. எனவே மென்சவ்வு ஈரடுக்கினது என அவர்கள் முடிவு செய்தனர். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உடையன; தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே ஒளிந்து நிற்கும். இவ்வீரடுக்கிற் புரதங்கள் மிதந்து அசைகின்றன என்பதை 1972 இல் சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் விளக்கினர்.

இவ்வரம்பின் தொழில் தடுத்தல் மட்டுமன்று. கலத்தின் உள்ளே பொற்றாசியம் அயன்களின் செறிவு வெளியிலிருப்பதைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்காகும். சோடியமோ வெளியிலே பத்து மடங்கு மிகுந்திருக்கும். எவ்வரம்பிலும் சிறு கசிவு உண்டாதலின், இவ்வேற்றுமை தானாக நிலைபெறாது. 1957 இல் யென்ஸ் ஸ்கூ என்னும் தென்மார்க்கு அறிஞர், நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, இவ்வேற்றுமையைக் காக்கும் நொதியத்தைக் கண்டறிந்தார். மென்சவ்வில் அமைந்த இந்நொதியம் ஒருமுறை தொழிற்படும்போது மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே சேர்க்கும். தோணியிற் கசியும் நீரை இடையறாது இறைத்தல் போன்றது இது. இறைப்பு நிற்பின் தோணி தாழும். மூளைக்குச் செல்லும் குருதி சில நிமிடங்கள் தடைப்படினும் கேடு விளைவதற்கு இதுவே ஒரு காரணம். ஒட்சிசனின்றிச் சத்தி பிறவாது. சத்தியின்றி இறைப்பு நிகழாது. சோடியமும் அதனைத் தொடர்ந்து நீரும் உட்புக, நரம்புக் கலங்கள் வீங்கி அழியும். உள்ளும் புறமும் ஒத்தநிலை அடைதல் கலத்துக்கு இறப்பாகும்.

அடுத்த வரம்பு கருவைச் சூழ்ந்துள்ள இரட்டை மென்சவ்வு. மனிதக் கலமொன்றின் கருவில் 46 நிறமூர்த்தங்கள் உள. அவற்றிலுள்ள டீ. என். ஏ. இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைப்பின் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமாகும். அத்துணை நீளமும் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கினும் சிறிய கருவினுள்ளே சுருண்டு அடங்கியிருக்கின்றது. புரதங்களை ஆக்கும் விதிகள் இவ்விழைகளில் எழுதப்பட்டுள்ளன. ஆயின், புரதம் ஆக்கப்படும் இடம் கருவன்று. விதியின் படி மட்டும் ஆர். என். ஏ. என்னும் மூலக்கூறாகக் கருச்சவ்வின் நுண்டுளைகளினூடாக வெளியேறும். மூலவேடு உள்ளேயே காக்கப்படும். வெளியேறிய படியை இரைபோசோம் என்னும் நுண்மணிகள் வாசித்து, அமினோவமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதத்தை ஆக்குகின்றன.

ஆக்கப்பட்ட புரதங்கள் யாவும் ஓரிடத்திற்கு உரியன அல்ல. கலத்துக்கு வெளியே அனுப்பப்படும் புரதங்கள் அகமுதலுருச் சிறுவலை என்னும் மென்சவ்வுக் குழாய்களின் உள்ளே செலுத்தப்படுகின்றன. 1960-களில் ஜோர்ஜ் பலாடேயும் அவருடன் பணியாற்றியோரும் கினிப்பன்றியின் சதையியைக் கொண்டு இவ்வழியை அளந்தனர். கதிர்த்தொழிற்பாடுடைய அமினோவமிலத்தைச் சிறிது நேரம் மட்டும் கொடுத்து, அது சேரும் இடங்களைப் படங்களிற் கண்டனர். முதற் சில நிமிடங்களில் அது சிறுவலையிலே காணப்பட்டது. ஏறக்குறைய இருபது நிமிடங்களின் பின்னர், 1898 இல் கமில்லோ கொல்கி என்னும் இத்தாலியர் கண்டு விவரித்த கொல்கியுபகரணத்தை அடைந்தது. அதன்பின் வெளியேற்றத்துக்குக் காத்திருக்கும் சிறு மணிகளிற் சேர்ந்தது. இப்பயணம் முழுவதிலும் புரதம் மென்சவ்வின் காவலைவிட்டு நீங்குவதில்லை. அது நீங்காமைக்குத் தக்க காரணம் உண்டு. சதையி சுரப்பவற்றுள் இறைச்சியைச் சமிக்கச்செய்யும் நொதியங்களும் உள. சதையியின் கலங்களும் இறைச்சியே. அந்நொதியங்கள் தொழிற்படா வடிவில் ஆக்கப்பட்டு, பையுள் அடைக்கப்பட்டு, குடலை அடைந்த பின்னரே தொழிற்படும் ஆற்றலைப் பெறுகின்றன. இவ்வொழுங்கு பிறழ்ந்து சதையியினுள்ளேயே அவை தொழிற்படத் தொடங்கின், சதையி தன்னைத்தானே சமிக்கச்செய்யும். மருத்துவர் அஞ்சும் கடுஞ் சதையியழற்சி இவ்வாறு தோன்றுவதாகும்.

இவ்வேலைகள் அனைத்துக்கும் வேண்டிய சத்தி இழைமணிகளிலிருந்து கிடைக்கின்றது. உணவிலிருந்து பெறப்படும் பொருள்கள் ஈண்டு ஒட்சிசனுடன் சேர்ந்து எரிகின்றன. அச்சத்தி ஏ. ரீ. பி. என்னும் மூலக்கூறுகளிற் சேமிக்கப்படுகின்றது. எரிதலுக்கும் சேமித்தலுக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பல அறிஞர் இடைநிலைப் பொருள் ஒன்றிலே தேடினர். அத்தகைய பொருள் அகப்படவில்லை. 1961 இல் பீற்றர் மிற்செல் என்னும் ஆங்கிலேயர் வேறொரு விடை கூறினார். இழைமணியின் உண்மென்சவ்வு ஓர் அணை என்றும், எரிதலாற் பிறக்கும் சத்தி ஐதரசன் அயன்களை அணையின் ஒரு பக்கத்தே தேக்குகின்றது என்றும், அவை மீண்டு பாயும் விசையாலேயே ஏ. ரீ. பி. ஆக்கப்படுகின்றது என்றும் அவர் விளக்கினார். நீர்மின் நிலையத்திலே தேங்கிய நீர் சுழலியைச் சுழற்றுவது போன்ற செயல் இது. மென்சவ்விற் பதிந்துள்ள நொதியமும் உண்மையாகவே சுழல்வது பின்னர் அறியப்பட்டது. தொடக்கத்திற் பலராலும் ஐயுறப்பட்ட இக்கொள்கைக்காக மிற்செல் 1978 இல் நோபல் பரிசு பெற்றார்.

அணையிற் கசிவு ஏற்படின் நேர்வது யாது என்பதை மக்கள் துயரத்தோடு அறிந்ததுண்டு. 1930-களில் ஐக்கிய அமெரிக்காவிலே உடற் பருமனைக் குறைப்பதற்கு இருநைத்திரோபீனோல் என்னும் மருந்தைப் பலர் உண்டனர். அம்மருந்து இழைமணியின் மென்சவ்வினூடாக ஐதரசன் அயன்களை வீணே கடத்திவிடும். உணவு எரியும், ஏ. ரீ. பி. போதிய அளவு பிறவாது; எரிதலின் பயன் வெப்பமாகவே முடியும். உண்டோர் மெலிந்தனர், சிலர் உடல் வெப்பம் கட்டுக்கடங்காது உயர்ந்து இறந்தனர். 1938 இல் அம்மருந்து மனிதர் உட்கொள்ளத் தகாதது என விலக்கப்பட்டது. இழைமணிகளும் இருந்தன, நொதியங்களும் இருந்தன, உணவும் இருந்தது. வரம்பு மட்டுமே தன் தொழிலை இழந்தது.

வரம்பின் இன்றியமையாமையை மிகத் தெளிவாகக் காட்டுவது இலைசோசோம் என்னும் நுண்பையின் வரலாறு. 1949 இல் பெல்சிய நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்திலே கிறிஸ்தியான் டி டூவ் என்பார் எலியின் ஈரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமிலப் பொசுபற்றேசு என்னும் நொதியத்தை அவர் அளந்தபோது, மெதுவாக அரைக்கப்பட்ட ஈரலில் எதிர்பார்த்ததன் ஏறக்குறைய பத்திலொரு பங்கே காணப்பட்டது. அளவீடு பிழைத்ததெனக் கருதிக் கைவிடாது, அவர் தம் குழுவினருடன் அதே மாதிரியை ஐந்து நாட்கள் குளிரேற்றியில் வைத்திருந்து மீண்டும் அளந்தார். நொதியத்தின் தொழிற்பாடு பெரிதும் உயர்ந்திருந்தது. நொதியம் புதிதாகத் தோன்றவில்லை. மென்சவ்வுப் பையொன்றினுள் அடைபட்டிருந்த அது, பை சிதைந்தபோது வெளிப்பட்டது. 1955 இல் அப்பைக்கு இலைசோசோம் எனப் பெயரிடப்பட்டது. பழுதுற்ற உறுப்புக்களையும், உள்ளே கொள்ளப்பட்ட பற்றீரியாக்களையும் சிதைத்து, மீளப் பயன்படும் சிறு மூலக்கூறுகளாக்குதல் அதன் தொழில். புரதம், கொழுப்பு, காபோவைதரேற்று, நூக்கிளிக்கமிலம் ஆகிய அனைத்தையும் சிதைக்கும் நொதியங்கள் அதில் உள. அவை அமில ஊடகத்திலேயே நன்கு தொழிற்படுவன. பையின் உள்ளகம் அமிலத்தன்மையுடையது, வெளியிலுள்ள குழியவுருவோ ஏறக்குறைய நடுநிலையானது. எனவே சிறிது கசியினும் கலம் உடனே அழிவதில்லை. ஒரு வரம்புக்கு மற்றொரு காப்பும் உண்டென அறிக.

இப்பையிலுள்ள நொதியங்களில் ஒன்றேனும் இல்லையாயின் நேரும் கேடு பெரிது. 1932 இல் பொம்பே என்னும் ஒல்லாந்து மருத்துவர் இதயம் மிகப் பருத்து இறந்த குழந்தையொன்றின் தசைகளிற் கிளைக்கோசன் அளவின்றித் தேங்கியிருத்தலைக் கண்டு விவரித்தார். முப்பத்தோராண்டுகளின் பின், 1963 இல், டி டூவின் சகபாடியான ஏர்ஸ் என்பார் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். இலைசோசோமிற் கிளைக்கோசனைச் சிதைக்கும் நொதியம் அந்நோயுற்றோரிடம் இல்லை. உட்சென்ற பொருள் சிதைந்து வெளியேறாமையால், பைகள் பருத்து இதயத்தின் தசையையே செயலிழக்கச் செய்தன. காரணம் அறியப்பட்டமையாற் பரிகாரமும் பிறந்தது. அந்நொதியத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் குருதியிற் செலுத்தும் மருத்துவம் 2006 இல் அங்கீகாரம் பெற்றது. கலம் அதனை வெளியிலிருந்து உள்வாங்கி உரிய பையிலேயே சேர்க்கின்றது. முன்னர் ஓராண்டு நிறையுமுன் இறந்த குழந்தைகள் பலர் இதனால் மேலும் வாழ்கின்றனர்.

இனி, தொடக்கத்திற் கூறிய கத்தரிக்காய்க்கு மீளலாம். தாவரக் கலத்தின் நடுவே புன்வெற்றிடம் என்னும் பெரும் பை உண்டு. கத்தரிக்காயின் பீனோற் பொருள்கள் அப்பையினுள் இருப்பன. அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் உருமணிகள் என்னும் வேறு உறுப்புக்களில் உளது. கத்தி மென்சவ்வுகளைக் கிழித்தவுடன் இரண்டும் கலந்து, ஒட்சிசனுடன் சேர்ந்து கருநிறப் பொருளை ஆக்குகின்றன. மரவள்ளிக்கிழங்கில் இதே செயல் பேராபத்தானது. அக்கிழங்கின் புன்வெற்றிடங்களில் இலினமாரின் என்னும் பொருளும், கலச்சுவரில் அதனைப் பிரிக்கும் நொதியமும் வெவ்வேறாக உள. கிழங்கு நசுங்கும்போது அவை கூடி ஐதரோசயனிக்கமிலத்தைப் பிறப்பிக்கும். எலியோ பூச்சியோ கடிக்கும் வரை கிழங்கு தன் நஞ்சினால் தான் தீண்டப்படாது வாழ்கின்றது. கிழங்கைத் துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் அவித்து, நீரை வடித்துவிடும் வழக்கம் இதனாற் பொருளுடையதாகின்றது. கசப்பு மிகுந்த இனங்களைத் தென்னமெரிக்கப் பழங்குடியினர் துருவி, பிழிந்து, பின்னர் வாட்டி உண்டனர். துருவுதல் வரம்புகளை முற்றாக உடைத்து நஞ்சு முழுவதையும் வெளிப்படுத்தும்; வெளிப்பட்ட நஞ்சு பிழிந்த நீருடனும் ஆவியுடனும் அகன்றுவிடும்.

வரம்பைக் கலம் தானே திறந்துவிடும் வேளையும் உண்டு. கருவிலிருக்கும் குழந்தையின் கை முதலில் துடுப்புப்போன்றது. விரல்களுக்கு இடைப்பட்ட கலங்கள் இறந்தொழிந்த பின்னரே விரல்கள் பிரிகின்றன. இத்தகைய ஒழுங்கான இறப்புக்கு 1972 இல் கேர், வைலி, கறி என்னும் மூவர், இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பெயராக இட்டனர். இழைமணியின் மென்சவ்வுகளுக்கிடையே இருக்கும் சைற்றோகுரோம் சி என்னும் புரதம் குழியவுருவுள் விடுவிக்கப்படுதல் இவ்விறப்பைத் தொடக்கும் அடையாளங்களில் ஒன்று என்பது 1996 இல் அறியப்பட்டது. சத்தியை ஆக்குதற்கு உதவிய அதே புரதம், இடம் மாறியவுடன் இறப்பின் தூதாகின்றது. ஆயினும் இறக்கும் கலம் வெடித்துச் சிந்துவதில்லை. அது சவ்வினாற் பொதிந்த சிறு துண்டுகளாகப் பிரிய, அயற் கலங்கள் அவற்றை விழுங்கிக்கொள்ளும். தீப்பட்டு அழியும் கலமோ உள்ளிருந்தவற்றைச் சிந்தி, சுற்றுப்புறத்தைச் சிவந்து வீங்கச் செய்யும். இறப்பிலும் வரம்பு காக்கப்படுதலே இரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமை.

பற்றீரியாவுக்குக் கருச்சவ்வோ இழைமணியோ இல்லை; எனினும் புறமென்சவ்வு அதற்கும் உண்டு. மென்சவ்வற்ற உயிர்க்கலம் எங்கும் காணப்படவில்லை. மேலும், மென்சவ்வுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் விதிகள் டீ. என். ஏ. இல் இருப்பினும், மென்சவ்வு வெறுமையிலிருந்து புதிதாகக் கட்டப்படுவதில்லை. முன்னிருந்த மென்சவ்வுடன் புதிய மூலக்கூறுகள் சேர, அது வளர்ந்து பிரிகின்றது. கலத்திலிருந்தே கலம் தோன்றும் என்ற விதி மென்சவ்வுக்கும் பொருந்தும். ஆகவே ஒரு குழந்தை பெற்றோரிடமிருந்து பெறுவது நிறமூர்த்தங்களை மட்டுமன்று. தாயின் சூல்முட்டை வழியாக, இடையறாது வந்த மென்சவ்வுகளின் தொடர்ச்சியையும் அது பெறுகின்றது. மனித உடலிலுள்ள ஏறக்குறைய முப்பது இலட்சம் கோடிக் கலங்களின் வரம்புகள் யாவும் அந்த ஒரு முட்டையின் வரம்புகளிலிருந்து விரிந்தவையே.

உழவன் வயலிலே வரம்பு கட்டுவது நீரைப் பகைத்தன்று. வேண்டும் நீரைத் தேக்கி, வேண்டாததை மடைவழியே விடுத்தற்கேயாம். வரம்பு சிதைந்தால் மண்ணும் நீரும் விதையும் அங்கேயே இருந்தும் பயிர் நில்லாது. அரிந்த கத்தரிக்காயின் நிலையும் அதுவே. அரியப்படுமுன் அதிலிருந்த பொருள் ஒவ்வொன்றும் அரிந்த பின்னரும் அதில் உளது; ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நின்ற நிலை மட்டுமே இல்லாதொழிந்தது. அந்நிலையை நொடிதோறும் சத்தியைச் செலவிட்டுக் காத்துவருதலையே கலத்தின் வாழ்வு என்பர்.